மௌன விளையாட்டைத் தந்த மாண்டிசோரி அம்மையார்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு

பேசத் தெரிந்தவரை உலகம் உடனே கண்டுகொள்ளும். பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், கவியரங்கம் என்று அவர்களுக்கு மேடைகள் பல உண்டு. ஆனால் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவருக்கு மேடையும் இல்லை, பரிசும் இல்லை. திருவள்ளுவரோ இதை ஒரு பெருஞ்செல்வமாகக் கருதி, கேள்வி என்ற பெயரில் 42ஆம் அதிகாரத்தையே இதற்காக ஒதுக்கினார். கேட்கக் கற்றவருக்கே பேச்சும் கைவரும் என்பது பெரியோர் கண்ட உண்மை.

அந்த உண்மையை மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒரு விளையாட்டின் மூலம் கற்றுத்தர முடியும் என்று காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். சிறு குழந்தைகளின் பள்ளிப் பெயர்ப் பலகைகளில் மாண்டிசோரி என்ற சொல்லை நாம் அடிக்கடி காண்கிறோம். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதும், அவர் நம் தமிழ்நாட்டிலேயே சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய வரலாற்றையும், அவர் குழந்தைகளுக்குத் தந்த எளிய கூட்டு விளையாட்டுகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் கல்வியும்

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகே கியாரவல்லே என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெசாந்த்ரோ அரசு அலுவலர், கண்டிப்பானவர். தாய் ரெனில்தே நூல்கள் படிப்பதில் விருப்பம் மிக்கவர். அக்காலத்துப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே பெரிது என்று எண்ணப்பட்டது. ஆயினும் தம் ஒரே மகள் எவ்வளவு படிக்க விரும்பினாலும் படிக்கட்டும் என்று அந்தத் தாய் உறுதியாக இருந்தார்.

1875ஆம் ஆண்டு அக்குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பதின்மூன்றாம் வயதில் மரியா ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் பொறியியல் படிக்க விரும்பிய அவர், பிறகு மருத்துவம் படிப்பதென்று முடிவு செய்தார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை. பல்கலைக்கழகத்தாரும் தயங்கினர். மரியா மனம் தளராமல் 1890இல் இயற்கை அறிவியல் பிரிவில் சேர்ந்து தேர்ச்சி பெற்று, அதன் வழியாக மருத்துவப் படிப்புக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் பட்ட துன்பங்கள் பல. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது தகாது என்றார்கள். எனவே மற்றவர்கள் போன பிறகு, மாலை வேளையில், அவர் மட்டும் தனியாக அந்த அறையில் நின்று உடற்கூறு பயின்றார். நம் வயதை விடச் சில ஆண்டுகளே மூத்த ஒரு பெண், இருள் சூழும் நேரத்தில் பிணங்களின் நடுவே தனித்து நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்! 1896ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று பேசினார்.

ரொட்டித் துணுக்குகள் சொன்ன பாடம்

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் அவர் பணியாற்றினார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை மனநோயாளிகளான பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த காலம் அது. ஓரிடத்தில் அக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண், உணவு முடிந்ததும் இவை தரையில் பாய்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன என்று அருவருப்போடு குறை கூறினாள். மாண்டிசோரி அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு வெறும் சுவர்களைத் தவிர அங்கே எதுவும் இல்லை. தொட்டுப் பார்க்க, பிடித்துப் பார்க்க, உருட்டிப் பார்க்க அக்குழந்தைகளுக்குக் கிடைத்தவை அந்த ரொட்டித் துணுக்குகள் மட்டுமே. அவர்களுடைய பசி வயிற்றுப் பசி அன்று, அறிவுப் பசி என்பதை அவர் புரிந்துகொண்டார்.

இதற்கு மருந்து மட்டும் போதாது, கல்வி வேண்டும் என்று உணர்ந்த அவர், பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகான் ஆகிய இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். இத்தார் பாரிஸ் நகரில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவர். காட்டில் தனியே திரிந்து, மனிதப் பேச்சே அறியாதிருந்த விக்தோர் என்னும் சிறுவனுக்குக் கற்பிக்க முயன்றவர். செகான் அவருடைய மாணவர். அம்மையார் இவ்விருவரின் நூல்களையும் இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். அம்முறைகளைக் கொண்டு அவர் பயிற்றுவித்த குழந்தைகளுள் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊரே வியந்தது. அம்மையாரோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு தேறும்போது, குறையில்லாத பிள்ளைகள் ஏன் இதே அளவில் நின்றுவிடுகின்றனர் என்பதே அவருடைய கவலை.

ஒரு தாயின் துயரம்

இதற்கிடையில் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரம் இருந்தது. 1898ஆம் ஆண்டு அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடவாத நிலையில், அக்காலத்துச் சமூகத்துக்கும் குடும்பத்தாருக்கும் அஞ்சி, அக்குழந்தையை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்க விட நேர்ந்தது. தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். ஆனால் தாமே தாய் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அம்மையாரின் தாயார் 1912இல் மறைந்த பிறகுதான் மரியோ அவருடன் வந்து சேர்ந்தான். அப்போதும் உலகத்தார் முன் அவன் உறவுக்காரப் பையன் என்றே அறியப்பட்டான். ஊரார் பிள்ளைகளின் உள்ளத்தை எல்லாம் அறிந்த ஒரு தாய், தம் சொந்தப் பிள்ளையை மகனே என்று நாலு பேர் கேட்க அழைக்க முடியாமல் பல்லாண்டுகள் இருந்தார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தியாகும்.

குழந்தைகள் இல்லம்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கி வாழ்ந்த பகுதி. அங்கே சில கட்டடங்களைப் புதுப்பித்து அவர்களைக் குடியமர்த்தினார்கள். தாய் தந்தையர் வேலைக்குப் போனதும் சிறு பிள்ளைகள் கேட்பாரின்றிப் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவர்களைக் காப்பாற்றத்தான் கட்டட உரிமையாளர்கள் அப்பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைக்க நினைத்தனர்! அப்பொறுப்பு மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள ஐம்பது குழந்தைகள் அளவில் அங்கே வந்தனர். அழுக்கும் அழுகையும் அச்சமுமாக நின்ற குழந்தைகள் அவர்கள்.

அம்மையார் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. பக்கத்தில் அமர்ந்து பார்த்தார். ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக் கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தி எடுத்து, மீண்டும் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தும் அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்து, தூங்கி எழுந்தவள் போல மலர்ந்த முகத்துடன் நிமிர்ந்தாள். குழந்தைக்குக் கவனமே நிற்காது என்று பெரியவர்கள் சொல்வது தவறு. அதற்கேற்ற வேலையை நாம் கொடுக்கவில்லை என்பதே சரி என்று அம்மையார் அறிந்தார்.

மௌன விளையாட்டு பிறந்த கதை

ஒருநாள் அம்மையார் முற்றத்தில் ஒரு தாயின் கையிலிருந்த நான்கு மாதக் குழந்தையை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். அந்நாட்டு வழக்கப்படி துணியால் சுற்றப்பட்டிருந்த அக்குழந்தை சிறு சத்தமும் இல்லாமல் அமைதியாகக் கிடந்தது. இந்தப் பாப்பா எவ்வளவு அமைதியாக இருக்கிறாள், உங்களில் யாராலும் இப்படி இருக்க முடியாது என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஆனால் அவர்கள் சிரிக்கவில்லை. எல்லோரும் பாப்பாவை உற்றுப் பார்த்து, கை கால்களை அடக்கி, அசையாமல் இருந்தனர். பாப்பா மூச்சு விடும் மென்மையை அவர் சுட்டிக் காட்டியதும், தாங்களும் மெல்ல மூச்சு விடத் தொடங்கினர். அறையில் அதுவரை யாருமே கேட்டறியாத கடிகாரத்தின் ஓசை தெளிவாகக் கேட்டது. இவ்வளவு நேரமும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது! அதைக் கேட்கத்தான் அங்கே இடமில்லாமல் இருந்தது.

அந்த அமைதியை மறுபடியும் வேண்டுமென்று பிள்ளைகளே விரும்பினர். அம்மையார் அதனை ஒரு விளையாட்டாக அமைத்தார். அவர்களுடைய காது கேட்கும் திறனையும் இதன் மூலம் சோதிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. எனவே அடுத்த அறையில், பிள்ளைகளின் கண்ணில் படாமல் நின்றுகொண்டு, ஒவ்வொருவர் பெயரையும் காற்றோடு காற்றாக மெல்ல அழைத்தார். தன் பெயர் காதில் விழுந்த பிள்ளை, நாற்காலி கிறீச்சிடாமல் எழுந்து, நுனிக்காலால் நடந்து, யார் மீதும் எதன் மீதும் இடிக்காமல் அவரிடம் போய்ச் சேர வேண்டும். கடைசிப் பெயர் அழைக்கப்படும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இவ்வளவு கடினமான செயலுக்கு ஏதாவது பரிசு தரவேண்டும் என்று அவர் மிட்டாய் கொண்டுவந்தார். பிள்ளைகளோ அதை வாங்க மறுத்துவிட்டனர்! அந்த அமைதியின் இனிமைக்கு முன்னால் மிட்டாயின் இனிப்பு அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

இந்த விளையாட்டின் பயனைச் சற்று ஆராய்ந்து பார்த்தால் மூன்று உண்மைகள் புலப்படும்.

முதலாவது, இது நம்மை நமக்கே காட்டுகிறது. அசையாமல் இருக்க முயலும்போதுதான் நம் விரல்கள் எவ்வளவு ஓயாமல் பென்சிலை உருட்டுகின்றன, கால் எப்படித் தானாக ஆடுகிறது, மனம் எங்கெல்லாம் ஓடுகிறது என்பது நமக்கே தெரிகிறது. பிறர் சொல்லி இதை அறிய முடியாது.

இரண்டாவது, இதைத் தனியாக வெல்ல முடியாது. முப்பத்தொன்பது பேர் அமைதியாக இருந்தாலும், நாற்பதாவது பிள்ளை நாற்காலியை இழுத்தால் எல்லோருடைய அமைதியும் போய்விடும். ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தி வெல்ல மற்றவர்கள் தோற்க வேண்டும். இங்கே எல்லோரும் சேர்ந்து வெல்ல வேண்டும், இல்லையேல் யாருக்கும் வெற்றி இல்லை. மிகச் சிறியவளும் மிகக் குறும்புக்காரியும் இதில் சம பங்குடையவர்கள்.

மூன்றாவது, எல்லோர் பெயரும் அழைக்கப்படுகிறது. இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பில் கை தூக்குகிறவர்களின் பெயர்கள்தாம் வழக்கமாக ஒலிக்கும். கடைசி பெஞ்சில் வாய் திறவாமல் இருக்கும் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே வாசிக்கப்படும். மௌன விளையாட்டிலோ அவளும் ஒருவர் தன்னை அழைப்பதற்காகக் காத்திருக்கிறாள். அவளையும் ஒருவர் மெல்ல, அன்போடு அழைக்கிறார். அழைப்பைக் கேட்டு எழுந்து போகும்போது, தானும் இங்கே ஒருத்தி என்பதை அவள் உணர்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. மெல்லிய அழைப்பைக் கேட்டு எழாத பிள்ளைக்கு உண்மையிலேயே காது மந்தமாக இருக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வீட்டில் அடி வாங்கும் சில பிள்ளைகளுக்கு உண்மையில் பேச்சே கேட்பதில்லை. நம் நெல்லைச் சீமைக்கு இது தொடர்பில்லாத செய்தியன்று. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். காது கேளாமையைப் பிடிவாதம் என்று எண்ணித் தண்டிக்காமல், முதலில் கண்டறிய வேண்டும் என்பதே இத்தகைய பெரியோர் நமக்குக் கற்பித்த பாடம்.

மற்ற விளையாட்டுகள்

மௌன விளையாட்டைப் போலவே வேறு சிலவற்றையும் அம்மையார் அமைத்தார். தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு வரையப்படும். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, குதிகாலும் விரலும் தொடும்படி அக்கோட்டின் மேல் நடக்க வேண்டும். தேர்ந்த பிறகு, நிறைந்த தண்ணீர்க் குவளையைச் சிந்தாமலும், மணியை ஒலிக்காமலும் ஏந்தி நடக்க வேண்டும். முன்னால் போகிறவள் மெதுவாக நடந்தால் பின்னால் வருகிறவளும் பொறுக்க வேண்டும். தன் உடம்பை அடக்கவும், பிறர் வேகத்துக்கு இடம் கொடுக்கவும் இது பழக்குகிறது.

ஒரு பைக்குள் பல பொருள்களைப் போட்டு, கண்ணால் பாராமல் கையால் மட்டும் தடவி இன்னதென்று சொல்வது மற்றொன்று. மூடிய சிறு பெட்டிகளைக் குலுக்கி, ஒரே ஓசை தரும் இரண்டிரண்டைச் சேர்ப்பது இன்னொன்று.

நல்ல பழக்கங்களைக்கூட அவர் சிறு நாடகமாகவே கற்பித்தார். இருவர் பேசும்போது குறுக்கிட வேண்டியிருந்தால் எப்படிக் காத்திருப்பது, கத்தரிக்கோலை எப்படிப் பிடித்துக் கொடுப்பது, வழி விடுவது எப்படி, மன்னிப்புக் கேட்பது எப்படி என்று பிள்ளைகளே நடித்துப் பழகினர். ஒருமுறை சத்தமில்லாமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையால் செய்து காட்டினார். பிள்ளைகள் ஆரவாரத்தோடு கைதட்டினார்கள்! ஏனென்று யோசித்த அவருக்குக் காரணம் விளங்கிற்று. மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களைத் திட்டாதவர் கிடையாது. எப்படித் துடைப்பது என்று அமைதியாகச் சொல்லிக் கொடுத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. திட்டும் சொல்லுக்கும் கற்பிக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு சின்னஞ்சிறு பிள்ளைக்கும் தெரியும்.

நம் ஊரில் நம் ஆச்சிமார் ஆடிய ஆட்டம் ஒன்றை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். பிள்ளைகள் இரு வரிசையாக எதிரெதிரே உட்காருவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பூவின் பெயரை அவள் அணித்தலைவி இரகசியமாக வைப்பாள். எதிரணித் தலைவி ஒருத்தியின் கண்களைப் பொத்திக்கொண்டு பூவின் பெயரைச் சொல்லி அழைப்பாள். அப்பெயருக்குரியவள் ஓசைப்படாமல் வந்து, கண் பொத்தப்பட்டவளை மெல்லக் கிள்ளிவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்துகொள்வாள். வந்தவள் யார் என்று இவள் கண்டுபிடிக்க வேண்டும். காலடி ஓசை, கொலுசு, வளையல், தொடும் விரல் இவற்றைக் கொண்டே தோழியை அடையாளம் காணும் அந்த ஆட்டத்துக்கும் ரோம் நகரத்து விளையாட்டுக்கும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்! தெருவிலும் முற்றத்திலும் நம் முன்னோர் ஆடியதையும் நாம் மறந்துவிடலாகாது.

அலைக்கழித்த காலம்

சான் லொரென்சோவின் புகழ் சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவிற்று. அம்மையார் அமெரிக்காவுக்குச் சென்றார். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் பல ஆண்டுகள் பணியாற்றினார். இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தது. பிறகு பள்ளிகளையும் ஆசிரியர்களையும் தன் கொள்கைக்குப் பணியச் செய்ய முயன்றபோது அவர் இணங்கவில்லை. 1934இல் தாயகத்தை விட்டு வெளியேறினார். ஜெர்மனியில் இட்லரின் ஆட்சியும் அவர் பள்ளிகளை மூடியது. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதால் அங்கிருந்தும் வெளியேறி, பின்னர் ஹாலந்து நாட்டில் தங்கினார். கேட்டுப் பழகிய பிள்ளை சிந்திக்கும், சிந்திக்கும் பிள்ளை கண்மூடிக் கீழ்ப்படியாது என்பதைக் கொடுங்கோலர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்! அந்த ஆண்டுகளில் அம்மையார் நாடு நாடாகச் சென்று, உலக அமைதி குழந்தைகளின் கல்வியில்தான் தொடங்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1931இல் நம் காந்தியடிகளும் அவரைச் சந்தித்து, லண்டனில் அவருடைய பயிற்சி மாணவர்களிடையே உரையாற்றினார்.

அடையாற்றில் அம்மையார்

சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் மகன் மரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் முந்நூறு ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பார். தமிழும் குஜராத்தியும் வங்காளமும் பேசிய ஆசிரியர்கள் அதைக் கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். மொழி வேறானாலும் கேட்கும் மனம் இருந்தால் கருத்துப் போய்ச் சேரும் என்பதற்கு அந்த வகுப்பே சான்று.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களை இரண்டாம் உலகப் போர் தடுத்தது. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் அனைவரும் பிரிட்டிஷ் அரசுக்குப் பகைநாட்டார் ஆயினர். மரியோ காவலில் வைக்கப்பட்டார். முதுமையைக் கருதி அம்மையார் அடையாறு வளாகத்துக்குள்ளேயே இருக்குமாறு பணிக்கப்பட்டார். அந்நிய நாட்டில், மொழி அறியாத இடத்தில், மகனைப் பிரிந்து அந்தத் தாய் தவித்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. உறவுக்காரர் என்றும் வளர்ப்புப் பிள்ளை என்றும் உலகத்தார் முன் சொல்லப்பட்டு வந்த மரியோவை, அந்தத் தந்தி மகன் என்றே குறித்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்தத் தாய் வாய்விட்டுச் சொல்ல முடியாதிருந்த ஒரு சொல், நம் சென்னை மண்ணில் அவரிடம் வந்து சேர்ந்தது.

கொடைக்கானல் குளிரில்

1942 முதல் 1944 வரை அம்மையாரும் மரியோவும் கொடைக்கானலில் தங்கினர். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் சேர்ந்து கற்றனர். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். சிறிய பிள்ளை பெரிய பிள்ளையைப் பார்த்துக் கற்கும். மலையில் கிடைத்த செடி கொடிகளையும் பூச்சிகளையும் நேரில் கண்டு பிள்ளைகள் இயற்கையின் ஒழுங்கை அறிந்தனர். உலகில் உள்ள ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குத் துணையாக இயங்குகிறது என்னும் பாடத் திட்டம் அங்கேதான் உருப்பெற்றது. இலங்கையிலும் வட இந்திய நகரங்களிலும் அவர் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பிய அவர், மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். குழந்தையின் மனத்தைப் பற்றி இந்தியாவில் அவர் ஆற்றிய உரைகள் 1949இல் சென்னை அடையாற்றிலேயே நூலாக வெளிவந்தன.

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஹாலந்து நாட்டின் நோர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில், தம் 81ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மரியோ அன்னையின் பணியைத் தம் இறுதிவரை தொடர்ந்தார்.

நாம் செய்யத் தக்கது

மாண்டிசோரி அம்மையாரின் விளையாட்டுக்குப் பந்தும் வேண்டாம், மைதானமும் வேண்டாம், பணமும் வேண்டாம். மழை பெய்து விளையாட்டு வகுப்பு நின்றுபோகும் நாளில் நாமே இதை ஆடிப் பார்க்கலாம். எல்லோரும் வசதியாக அமர வேண்டும். யாரும் யாரையும் அதட்டக் கூடாது. அதட்டி வரவழைத்த அமைதி விளையாட்டாகாது. முதலில் ஒரு நிமிடம் போதும். பிறகு கேட்ட ஓசைகளை ஒவ்வொருத்தியாகச் சொல்லலாம். கதவுக்கு வெளியே ஒருத்தி நின்று பெயர்களை மெல்ல அழைக்கலாம். அழைக்கும் வேலையை, வழக்கமாகப் பேசாத பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள். அவள் குரலைக் கேட்க வகுப்பு முழுவதும் மூச்சடக்கிக் காத்திருக்கும். ஒரு மேடைப் பேச்சு தராத துணிவை அந்த ஐந்து நிமிடம் அவளுக்குத் தரக்கூடும்.

வீட்டிலும் இதற்கு இடமுண்டு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் சுவாமி கோயிலுக்குக் கூட்டம் வரும்போது நம் ஏரல் கடைத்தெருவில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சல் இரண்டொரு நாளில் ஓய்ந்துவிடும். ஆனால் வீட்டுக்குள் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எழுப்பும் இரைச்சல் ஓய்வதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டு நிமிடம் குடும்பத்தார் அனைவரும் அமைதியாக இருந்து, பிறகு ஒவ்வொருவராகப் பேச, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! காது மங்கிய ஆச்சியும் அப்போது பேச்சில் கலந்துகொள்வார். அன்பார்ந்த பெற்றோர்கள் இதைச் செய்து பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தோழியரே! நம் வகுப்பில் யார் நன்றாகப் பேசுவார் என்று நமக்குத் தெரியும். யார் இதுவரை பேசவே இல்லை என்பதை நாம் கவனித்திருக்கிறோமா? தாமிரபரணி கரை புரளும்போது எழும் ஓசையை ஊரே கேட்கிறது. கோடையில் மணலுக்கடியில் அது ஊறி வருவதை ஊற்றுத் தோண்டுகிறவரே அறிவார். அதுபோல, சத்தமிடாத உள்ளங்களிலும் பேச்சு ஊறிக்கொண்டே இருக்கிறது. நாம் சற்று அமைதியாகி, பெயர் சொல்லி மெல்ல அழைத்தால் அவர்கள் எழுந்து வருவார்கள். அவ்வாறு ஒரு தோழியையேனும் இவ்வாண்டில் நாம் அழைப்போமாக!